வெப்ப எக்கியும் இளவெப்பமும்: ஒரு சொல் விளக்கம்

ஆறு, காற்று போன்றவற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் கருவி ‘ஹீட் பம்ப்’. அதற்குத் தமிழில் வெப்ப எக்கி, வெப்பப் பம்பு என இரண்டு வழக்குகள் உண்டு. இலங்கைத் தமிழர் பம்பைப் ‘பம்பி’ என்பதால் அங்கே அது வெப்பப் பம்பி. எதைச் சொன்னாலும் புரியும். ஆனால் என் ஓட்டு எக்கிக்கே. உயரத்தில் இருப்பதை எடுக்கக் குதிகாலைத் தூக்கி உடம்பை மேலே நீட்டுகிறோமே, அதுதான் எக்குதல். இந்தக் கருவியும் தாழ்ந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை உயர்ந்த வெப்பநிலைக்குத் தூக்குகிறது. ‘வெப்பமூட்டி’ என்று பெயர் வைத்தால் எரித்துச் சூடாக்கும் கருவி என்ற எண்ணம்தான் வரும், அது தவறு.

‘பம்ப்’ ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சொல். கப்பலின் அடியில் சேரும் நீரை இறைக்கும் கருவியைக் குறித்தது. அது வெப்பத்தோடு சேர்ந்தது வெகு பிற்பாடு. குளிர்பதனச் சுழற்சியைக் கொண்டே கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று 1852-இல் சொன்னவர் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பழைய நகர மன்றக் கட்டடத்தில் 1938-இல் வைத்த எக்கி, பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்தது.

வேலை செய்யும் விதம் ஃபிரிட்ஜினுடையதேதான். குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் ஆற்று நீரிடமிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்க, அதன் வெப்பநிலை ஏறுகிறது. சூடான ஆவி வீட்டுக்குப் போகும் நீரிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. மின்சாரம் செலவாவது முக்கியமாக அந்த அமுக்கத்துக்குத்தான்.

சரி, வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் அடுத்த சொல் வருகிறது. ‘தாழ்வெப்பநிலை வெப்ப மூலம்’ என்று நீட்டி எழுதுகிறார்கள். பொருள் சரி, நாக்குதான் சுளுக்கும். இளவெயில், இளஞ்சூடு என்று சொல்லும் மொழியில் ‘இளவெப்பம்’ என்றாலே போதாதா? சாக்கடை நீர், சுரங்க ரயில் பாதையின் காற்று, கணினித் தரவு மையம், மின்மாற்றி, கடைகளின் குளிர்பதன இயந்திரம், நிலத்தடி நீர் எல்லாம் இளவெப்ப மூலங்கள். தொட்டால் சுடாது, ஆனால் அளவு பெரிது. 1,000 லிட்டர் நீரை 5 டிகிரி குளிர்வித்தால் 5.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும்.

மூலம் எவ்வளவு வெதுவெதுப்போ, எக்க வேண்டிய உயரம் அவ்வளவு குறைவு. 5 டிகிரி ஆற்று நீரிலிருந்து 60 டிகிரிக்குத் தூக்கினால், ஒரு பங்கு மின்சாரத்துக்குக் கோட்பாட்டின்படி அதிகபட்சம் 6 பங்கு வெப்பம். 30 டிகிரி தரவு மைய நீர் என்றால் 11 பங்கு. நடைமுறையில் ஏறக்குறைய இதில் பாதி கிடைக்கும். அதுவே பெரிய லாபம்.

சாக்கடை நீரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குளிர்நாட்டு நகரங்களில்கூட அது ஆற்றைப் போல உறைபனி அளவுக்குக் குளிர்வதில்லை. குளித்த நீரும் துவைத்த நீரும் அதில்தானே சேர்கின்றன. ஆனால் குழாயில் வெப்பமாற்றியை, அதாவது சாக்கடை நீரின் வெப்பத்தை வேறொரு திரவத்துக்குக் கடத்தும் கருவியைப் பதித்தால் அதன்மேல் நுண்ணுயிர்ப் படலம் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும்; அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்பே வெப்பத்தை அதிகம் உறிஞ்சிவிட்டால், அங்கே அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகிவிடும். சுத்திகரித்த பிறகு எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கத்ரி வாலா பூங்காவின் அடியில் இருக்கும் எக்கி நிலையம் அப்படித்தான் இயங்குகிறது. ஒரு சிக்கல்: சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருக்கும், வெப்பம் வேண்டியவர்களோ நடுவில் இருப்பார்கள். இளவெப்பத்தைத் தேடுவது என்றால் இந்தத் தூரத்தையும் சேர்த்து வரைபடத்தில் குறிப்பதுதான்.

நடு ஊரிலேயே மூலம் கிடைத்த ஊர் லண்டன். இஸ்லிங்டன் பகுதியில், மூடப்பட்ட சிட்டி ரோடு சுரங்க ரயில் நிலையத்தின் காற்றுப்போக்கி வழியாகச் சுரங்கத்தின் வெதுவெதுப்பான காற்றை விசிறியால் இழுத்து, 2020 முதல் வீடுகளுக்கு வெந்நீர் தருகிறார்கள். அந்த விசிறியை எதிர்த்திசையிலும் சுழற்றலாம். கோடையில் அது சுரங்கத்துக்குள் குளிர்ந்த காற்றை அனுப்பும்.