கூட்டாக கிளட்ச் வாங்குகிறவர்கள் பத்தாவது ஆளைத் தேடாதீர்கள்

"அண்ணாச்சி, ஒன்பது பேரு சேந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு ஆளுதான் வேணும். உங்க கடைக்கு வார வண்டில யாரும் இருந்தா சொல்லுங்க."

நெல்லை வண்ணார்பேட்டையில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு அடிக்கடி இப்படி போன் வரும். பிடிப்பைக் கூட்டிச் செய்த வெளிநாட்டு பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச், பத்து செட் எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. தீபாவளிச் சீட்டும் பாத்திரச் சீட்டும் போட்டு வளர்ந்த ஊர்தானே, கூடி வாங்குவது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் பாத்திரச் சீட்டில் வேண்டாத குத்துப்போணி வந்தால் பரணில் ஏற்றிவிடலாம். கிளட்ச் வேண்டாதது என்பது கியர்பாக்ஸை இறக்கி, மாட்டி, பூட்டி, வண்டி தெருவுக்குப் போன பிறகுதான் தெரியும்.

அப்படி எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு தம்பி என்னிடம் வந்தான். டீசல் ஹேட்ச்பேக், இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றிப் பலத்தைக் கூட்டும் ரீமேப் எதுவும் செய்யாத வண்டி. மாட்டியிருந்தது ஆறு துண்டு செராமிக் டிஸ்க். ஆனித் தேரோட்டம் அன்றைக்கு அம்மாவை நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. "பெடல மிதிச்சா முழங்கால் வலிக்கி, விட்டா வண்டி ஆடு மாதிரி துள்ளுது. மூணு தடவ ஆஃப் ஆயிட்டு. அம்ம இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன்னுட்டா, அண்ணாச்சி." நானும் ஓட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

செராமிக் துண்டுக்கு கவ்வத் தெரியும், நழுவத் தெரியாது. கம்பெனி கொடுக்கும் ஆர்கானிக் டிஸ்க் கொஞ்சம் நழுவி, பிறகு பிடிக்கும். நெரிசலில் ஊர்ந்து போவதும், காரையாறு ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதும் அந்த நழுவலால்தான். பிடிப்பைக் கூட்ட இன்னொரு வழி, டிஸ்க்கை இன்ஜினின் பிளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டுவது. அப்போது காலுக்குப் பாரம் ஏறும். கூடவே ஹைட்ராலிக் சிலிண்டருக்கும், பெடலை மிதிக்கும் போதெல்லாம் இன்ஜின் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷருக்கும் சுமை ஏறும். விளம்பரத்தில் இது வராது.

உங்கள் கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க யாரிடமும் போக வேண்டாம். நாலுவழிச் சாலையில் கங்கைகொண்டான் பக்கம் ரோடு காலியாக இருக்கும்போது, நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, ஸ்பீடாமீட்டர் அதற்கு ஈடாக ஏறாவிட்டால் நழுவுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் உங்கள் வண்டிக்கு இருக்கிற கிளட்ச் போதும், பட்டியலில் பெயர் வேண்டாம். ரீமேப் செய்து இன்ஜினின் முறுக்குவிசையான டார்க்கைக் கூட்டியவர்கள், டிராக்கில் ஓட்டுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கும் பலருக்கு நல்ல ஆர்கானிக் டிஸ்க்கோடு கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட்டே போதும்.

எண்ணில் ஒரு குழி உண்டு. அமெரிக்க கம்பெனிகள் கிளட்ச் தாங்கும் டார்க்கைப் பெரும்பாலும் பவுண்டு-அடியில் போடும். நம் வண்டியின் கையேட்டில் நியூட்டன் மீட்டர். ஒரு பவுண்டு-அடி 1.356 நியூட்டன் மீட்டர். பெட்டியில் 250 என்றிருந்தால் அது 339 நியூட்டன் மீட்டர். 1.6 டீசல் போலோ, வென்டோவெல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபோதே 250 நியூட்டன் மீட்டர். இரண்டு 250-ம் ஒன்று என்று நினைத்து, "இது சரியா வராது, இன்னும் ஒரு ஸ்டேஜ் மேல போவோம்" என்று கூட்டமாக முடிவெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிப்பு இன்னும் கூடிய அந்த மேல் ஸ்டேஜ்தான் தம்பியின் அம்மாவை இறக்கிவிட்டது.

அடுத்தது ஸ்ப்ளைன், அதாவது டிஸ்க்கின் நடுத் துளையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் கோர்க்கும் பற்கள். ஒரு கூட்டு ஆர்டரில் இரண்டு வண்டிகள்: ஒரே மாடல், ஒரே இன்ஜின், வருடம் மட்டும் வேறு. "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரே பார்ட் நம்பர் போட்டுவிட்டார்கள். முதல் வண்டிக்கு டிஸ்க் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவதில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியிலேயே நின்றுவிட்டது. பிசிறாக இருக்கும் என்று துடைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, சுற்றி எண்ணினேன். டிஸ்க்கில் எண்ணினேன். நம்பிக்கை வராமல் பையனையும் எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை ஒத்து வரவில்லை. திருப்பி அனுப்பும் செலவைக் கேட்டதும் வண்டிக்காரர் வாயைத் திறக்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: மாடல் பெயரில் ஆர்டர் போடாதீர்கள். சேசிஸ் நம்பரையும் கியர்பாக்ஸில் குத்தியிருக்கும் குறியீட்டையும் ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்கி, விற்பவரிடம் எழுத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிளைவீல் ஒற்றையா, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டு டூயல் மாஸா என்பதையும் சேர்த்து. ஒற்றை என்றால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவி எடுக்கலாம். டூயல் மாஸ் என்றால் அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம்.

தள்ளுபடிக் கணக்கையும் போட்டுவிடுவோம். செட் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 4,000. அது பொருளின் விலையில் மட்டும். அதன் மேல் விமானக் கூலி உண்டு. இரும்புச் சாமான், பாரம் ஜாஸ்தி. பிறகு சுங்க வரி. அந்தச் சுங்க வரியையும் சேர்த்த தொகைக்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம். கார்டில் டாலராகக் கட்டினால் வங்கி தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். மாட்டியது சரியில்லை என்று கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கினால் அந்த நாலாயிரம் கூலிக்கே காணாது.

"தூத்துக்குடி ஹார்பர் பக்கத்துலதான அண்ணாச்சி இருக்கு, எடுத்துக்கிடலாம்" என்பார்கள். பத்து கிளட்ச் எல்லாம் கன்டெய்னரில் வராது. அதோடு, தனக்கென்று ஒன்று வரவழைப்பது வேறு, ஒரே பெயரில் பத்து வருவது வேறு. பத்தையும் சொந்த உபயோகம் என்று சுங்கத்தில் சொல்லிப் பாருங்கள். முறைப்படி இறக்குமதி செய்யும் வியாபாரி மூலமாக வாங்கி, ஆளுக்கொரு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

பணம் வசூலிப்பவருக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். உங்கள் சம்பளக் கணக்கில் வாங்காதீர்கள். பார்சல் இரண்டு மாதம் தாமதமாகி, ஒருவர் கோபத்தில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போட்டு மோசடி என்று சொல்லிவிட்டால், உங்கள் கணக்கை வங்கி முடக்கி வைக்கலாம். வீட்டுக் கடன் தவணை திரும்பிப் போகும். வியாபாரிக்கே அவரவர் நேராகக் கட்டட்டும். விலகினால் எந்தத் தேதிவரை பணம் திரும்பும் என்பதையும் முதலிலேயே எழுதிவையுங்கள்.

மாட்டிய பிறகு 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள் சாதாரணமாக ஓட்ட வேண்டும். புது டிஸ்க் பிளைவீலோடு படிய அவகாசம் வேண்டும். இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு ராத்திரியே நாலுவழிச் சாலைக்குப் போய்விடுவார்கள்.

தம்பி வண்டிக்கு கம்பெனி கிளட்சே மாட்டிக் கொடுத்தேன். இப்போது இன்னொரு ஆர்டர் நடக்கிறது. வந்த பதினோரு பேரில் நாலு பேரிடம் உனக்கு வேண்டாம்லே என்று சொல்லியாகிவிட்டது, ஒருவன் என்மேல் கோபமாக இருக்கிறான். மிச்சம் ஏழு. வியாபாரி ஏழுக்கு ஐந்து சதவீதம்தான் தருகிறார்.