வெர்னாகுலர் பிரஸ்: நாட்டுமொழி இதழ்கள்

இந்திய விடுதலைப் போராட்டத்தில் இதழ்களின் பங்கைப் பேசும் நூல்களில் ‘வெர்னாகுலர் பிரஸ்’ என்ற தொடர் வராமல் இராது. இந்திய மொழிகளில் வெளியான இதழ்களை ஆங்கிலேய அரசு குறித்த பெயர் அது.

‘வெர்னா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆண்டையின் வீட்டிலேயே பிறந்த அடிமை என்று பொருள். அதிலிருந்து கிளைத்த சொல், வீட்டுக்குரியது, மண்ணில் பிறந்தது என்று விரிந்து, மக்கள் இயல்பாகப் பேசும் மொழியைச் சுட்டுவதாயிற்று. ஆகவே அது பிறப்பிலேயே வசைச்சொல் அன்று. ஆள்வோர் மொழியை ஒருபுறமும் மற்ற மொழிகளையெல்லாம் மறுபுறமும் நிறுத்த அரசு அதைக் கையாண்டபோதுதான் அதில் தாழ்வு ஏறியது.

வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878 மார்ச்சில் கொண்டுவந்த ‘வெர்னாகுலர் பிரஸ்’ சட்டத்தில் அந்தப் பிரிவினையைக் கண்கூடாகக் காணலாம். அச்சிடுபவரிடமும் வெளியிடுபவரிடமும் அரசுக்கு எதிரானவற்றை வெளியிடமாட்டோம் என்று பிணைமுறி எழுதி வாங்கவும், மீறினால் அச்சுப்பொறியையே பறிமுதல் செய்யவும் அது அதிகாரம் தந்தது. நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ஆங்கில இதழ்களை அது தொடவில்லை. வங்காளியும் ஆங்கிலமும் கலந்து வந்துகொண்டிருந்த ‘அமிர்த பஜார் பத்திரிகா’ உடனே முழு ஆங்கில இதழாக மாறி அதன் பிடியிலிருந்து தப்பியது. ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்று மக்கள் வெறுத்த இதை அடுத்த வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882இல் நீக்கினார். ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ தமிழ் வார இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

‘வெர்னாகுலர் பிரஸ்’ என்பதைத் தமிழில் ‘வட்டார மொழிப் பத்திரிகை’ என்று பெயர்ப்பது பிழை என்றே கருதுகிறேன். வட்டார வழக்கு என்றால் நமக்கு நினைவுக்கு வருவன நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும். முழுமையான இலக்கிய மொழிகளை அந்தச் சிமிழுக்குள் அடைக்கலாகாது. மராத்தியில் வெளிவந்த ‘கேசரி’யில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகர் 1908இல் ஆறாண்டுத் தண்டனை பெற்று பர்மாவின் மண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார்; பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அத்தகைய ஏட்டை ‘வட்டார ஏடு’ என்று எழுத எப்படி மனம் வரும்?

‘தாய்மொழி இதழ்’ என்பதும் முழுதாகப் பொருந்தாது. ஆங்கில ஏடுகளை நடத்திய ஆங்கிலேயருக்கும் அவை தாய்மொழி ஏடுகளே அல்லவா? சட்டம் பிரித்தது இந்நாட்டு மொழிகளை என்பதால் ‘நாட்டுமொழி இதழ்கள்’ என்பதே சரியான தமிழ். சட்டத்தையும் ‘நாட்டுமொழி இதழ்கள் சட்டம், 1878’ என்று எழுதலாம்.