இரைப்பையைக் கக்கிய தவளை

"சார், மருந்தடிச்ச வயல்ல ஒரு தவளைக்குக் குடல் வாய் வழியா வந்து தொங்குது" என்று பாகூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். சம்பா நெல்லுக்கு முந்தின நாள்தான் தெளித்திருக்கிறார். வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொன்னேன். தொங்கியது குடல் இல்லை, இரைப்பை. ஒவ்வாததை விழுங்கிவிட்டால் தவளை இரைப்பையையே வெளியே தள்ளிவிடும், சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுவோமே, அந்த மாதிரி. அப்புறம் முன்காலால், பெரும்பாலும் வலது காலால், வழித்துத் துடைத்துவிட்டு மறுபடி விழுங்கிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு? அதற்கு மெல்லத் தெரியாது. மேல்தாடையில் பொடிப்பற்கள் இருப்பது இரை நழுவாமல் பிடிக்க மட்டும்தான். நாக்கு வாயின் முன்பக்கம் ஒட்டியிருப்பதால் சட்டென்று வெளியே வந்து பூச்சியை ஒட்டி இழுத்துவிடும். விழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே அமுங்கும், தூங்குகிறது என்று நினைக்காதீர்கள், கண்விழிகள்தான் மேலிருந்து அழுத்தி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. பூச்சி முழுசாக, பல நேரம் உயிரோடே, இரைப்பைக்குப் போகிறது. அங்கே அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் கரைக்க, மிச்சத்தைச் சிறுகுடலில் பித்தநீரும் கணையநீரும் பார்த்துக்கொள்ளும். மலம், சிறுநீர், முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்.

(தலைப்பிரட்டையில் பாசி தின்ற குடல் ஜாங்கிரி மாதிரி நீளமாகச் சுருண்டிருக்கும். பூச்சி தின்னும் தவளையாக மாறும்போது வெகுவாகக் குறுகிவிடும், அந்த நாட்களில் வாலைக் கரைத்துத்தான் பிழைப்பு.)

சரி, மருந்துக்கு வருவோம். மருந்து பட்ட பூச்சி துடிக்கும், தவளையோ அசைவதைத்தான் பிடிக்கும், ஆக விஷம் ஏறியதுதான் அதற்கு முதலில் கண்ணில் படுகிறது. அது போதாதென்று, தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல்தான் உறிஞ்சும். இரைப்பையைக் கக்கித் துடைக்கலாம், தோல் வழியாக ஏறியதை எதைக் கொண்டு துடைக்கும்?

நான் வயலுக்கு வயல் சொல்வது இதுதான். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பார்த்ததுமே டேங்கை முதுகில் மாட்டாதீர்கள், குனிந்து எண்ணுங்கள். தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு, 1 பூச்சி இருந்தால்தான் மருந்து. குத்துக்கு, அதாவது பல தூர் சேர்ந்த ஒரு நெற்செடிக்கு, பூச்சியைத் தின்னும் சிலந்தி ஒன்று தெரிந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அந்த அண்ணன் எண்ணவில்லை.

"டேங்க்கை எங்கே கழுவினீங்கண்ணே?"

"வாய்க்கால்லதான் சார்."

சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டார். தவளை அங்கே இல்லையாம். "தானா போச்சா, காக்கா தூக்கிடுச்சா தெரியல சார்."