பரிசோதனை முடிந்துவிட்டது, சிபாப் கருவி இன்னும் வரவில்லை

“டாக்டர், இருபது வருடமாக இவருடைய குறட்டைக்குப் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறேன். இது நோய் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து என் தூக்கம் போய்விட்டது. மூச்சு நின்றால் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். நேற்று முப்பத்தொன்று வரை எண்ணினேன். கருவி வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். இன்று இரவு நான் என்ன செய்வது?”

தூக்க மருத்துவராக இருந்தும் அந்த அம்மாவின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சிபாப் கருவி எப்படி வேலை செய்கிறது, சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். சிபாப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் என் பங்கு முடிந்தது என்று எண்ணிவிட்டேன். சீட்டு கைக்கு வந்த நாளுக்கும் கருவி கட்டிலருகே வந்த நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய இருபது இரவுகள் கிடந்தன. அவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. இப்போது பரிசோதனை முடிவைக் கையில் கொடுக்கும்போதே அந்த இரவுகளைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன்.

அந்த அம்மாவின் கணவருடைய தூக்கப் பரிசோதனை அறிக்கையில் இருந்த எண் 42. தூங்கிய ஒவ்வொரு மணி நேரத்திலும் சராசரியாக 42 முறை தொண்டை முழுதாகவோ பாதியாகவோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு அடைப்பும் குறைந்தது 10 விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்று பிரிக்கிறோம். எண்ணைக் கேட்டதும் வீடே கலங்கிப்போகிறது. ஆனால் இந்த அடைப்புகள் பரிசோதனை நடந்த இரவில் தொடங்கியவை அல்லவே. பல வருடங்களாக நடந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். மூச்சு நின்று ஆக்சிஜன் இறங்கும்போது மூளை தானே உடலை உலுக்கி, தொண்டைத் தசைகளை இறுக்கி, மூச்சை மீட்டுக்கொள்கிறது. அந்தப் பெரிய உறுமலோடு அவர் புரண்டு படுப்பது இதனால்தான். காலையில் எழும்போது தலை கனப்பதும், பகலில் கண் சொருகுவதும் இரவெல்லாம் நடந்த இந்த உலுக்கலின் விளைவுதான்.

ஆகவே அந்த அம்மாவிடம் முதலில் சொன்னது, எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள் என்பதைத்தான். காவல் இருப்பதால் அவருடைய தொண்டை திறந்துவிடாது. மூளையின் அந்த உலுக்கலை மழுங்கடிக்கும் பொருள் எதுவும் அவர் உடலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய காவல். மது அதில் முதலிடம். படுக்கப்போகும் முன் ஒரு கோப்பை குடித்தாலும் தொண்டைத் தசை தளர்ந்து அடைப்புகள் நீளும். தூக்க மாத்திரைகளும், ஓபியாய்டு வகையைச் சேர்ந்த கடுமையான வலி மருந்துகளும் அப்படியே. வேறொரு மருத்துவர் இவற்றை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. அறிக்கையை எடுத்துக்கொண்டு அவரையே போய்ப் பாருங்கள்.

அடுத்தது, அறிக்கையை நன்றாகப் படிப்பது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். உள்ளே ஒரு சிறிய அட்டவணையில், மல்லாந்து படுத்திருந்தபோது எத்தனை, ஒருக்களித்துப் படுத்திருந்தபோது எத்தனை என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். இவருக்கு மல்லாந்து படுத்தபோது 61, பக்கவாட்டில் 18. நோய் ஒன்றுதான், படுக்கும் விதத்தால் இத்தனை வேறுபாடு. மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னுக்குச் சரிந்து வழியை மூடுகின்றன. ஒருக்களித்தால் அந்தப் பாரம் விலகுகிறது. எல்லோருக்கும் இத்தனை பெரிய இடைவெளி இருப்பதில்லை. மல்லாந்த நிலையின் எண் பக்கவாட்டு எண்ணைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், கருவி வரும்வரை உங்கள் கையிலேயே ஒரு நல்ல மருந்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் தன்னையறியாமல் மல்லாந்துவிடுவாரே என்று கேட்பார்கள். பழைய சட்டை ஒன்றின் முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், ஒரு பையைத் தைத்து டென்னிஸ் பந்தை வைத்துவிடுவது பல காலமாக உள்ள வழி. மல்லாந்தால் பந்து உறுத்தும், விழிக்காமலே திரும்பிவிடுவார். பந்து பிடிக்காதவர்கள் முதுகை ஒட்டி நீளமான கெட்டித் தலையணையை வைத்துக்கொள்ளலாம். தலைமாட்டை உயர்த்துவதும் சிலருக்கு உதவும். ஆனால் தலைக்கு மட்டும் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடித்து, வழி இன்னும் குறுகிவிடும். உயர்த்துவதானால் இடுப்புக்கு மேல் முதுகோடு சேர்த்துச் சரிவாக உயர்த்த வேண்டும்.

மூன்று வாரம் ஏன் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், காத்திருப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரவு முழுதும் பதிவான மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், கால் அசைவு எல்லாவற்றையும் 30 விநாடி கொண்ட துண்டுகளாகப் பிரித்து ஒரு தொழில்நுட்பர் பார்த்துக் குறிக்கிறார். 7 மணி நேரத் தூக்கம் என்றால் 840 துண்டுகள். அதன் பிறகு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சிலருக்கு எவ்வளவு காற்றழுத்தம் தேவை என்று கண்டறிய இன்னொரு இரவு பரிசோதனை நடக்கும். காப்பீடு அல்லது வேறு ஒப்புதல், முகத்துக்கு மாஸ்க் அளவெடுப்பது, இருப்பில் கருவி இருப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை. 2021-இல், ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பொருள் சிதைகிறது என்று பல லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டபோது உலகம் முழுதும் தட்டுப்பாடு வந்து, பல மாதங்கள் காத்திருந்தவர்கள் உண்டு. காத்திருப்பது சில வாரங்கள் என்றால் தாங்கலாம். யாருடைய மேசையிலோ தாள் தூங்கிக்கொண்டிருப்பதால் அது மாதங்களாக நீளக் கூடாது. அறிக்கையின் முழுப் பிரதியையும் மருந்துச் சீட்டின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாள் இப்போது யாரிடம் இருக்கிறது, அடுத்து யாரிடம் போகும் என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை போன் செய்து விசாரிப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் தாள்கள் தவறிப்போவது உண்டு. கேட்டவர்களுடைய தாள்தான் முதலில் கண்டெடுக்கப்படுகிறது.

சிலர் வரிசையில் நிற்கவே கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ஆக்சிஜன் அளவு வெகுநேரம் மிகத் தாழ்ந்திருந்ததாக அறிக்கை சொல்பவர்கள், விழித்திருக்கும்போதே ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருப்பவர்கள். இவர்கள் தங்கள் நிலையை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லி முன்னுரிமை கேட்க வேண்டும். தற்காலிகமாக இரவல் கருவி தரும் ஏற்பாடு சில மையங்களில் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன வகையினருக்குச் சாதாரண சிபாப் போதாமல் வேறு கருவி தேவைப்படவும் கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோப்பில் இருக்கிறது, படித்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

வண்டி ஓட்டுபவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். காத்திருக்கும் நாட்களில் நான் மிகவும் அஞ்சுவது இரவை அல்ல, பகலைத்தான். லாரி ஓட்டும் ஒருவர் என்னிடம், “தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவேன் டாக்டர், பாட்டை உரக்க வைப்பேன், கன்னத்தில் அறைந்துகொள்வேன்” என்றார். இத்தனையும் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் மூளை ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்டது. கண் திறந்திருக்கும்போதே நான்கு விநாடி தூங்கிப்போவது இந்த நோயில் சகஜம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி என்றால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போயிருக்கிறது. பகல் தூக்கத்தை அளக்க நாங்கள் கொடுக்கும் எப்வொர்த் கேள்வித்தாளில் எட்டுக் கேள்விகள். அவற்றில் ஒன்று, போக்குவரத்தில் சில நிமிடம் வண்டி நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா என்பது. அதற்கு “ஆம்” என்று பதில் வந்தால், கருவி வந்து பகல் தூக்கம் தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். வருமானம் போகும், எனக்குத் தெரியும். அந்த லாரிக்காரருக்காக மருத்துவச் சான்று எழுதிக் கொடுத்து, கருவியை விரைவுபடுத்தச் சொல்லி நானே போன் செய்தேன். உங்கள் மருத்துவரிடமும் நீங்கள் அதைக் கேட்கலாம்.

செய்யக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கும் கருவியை எடுத்துவந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்தக் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை காற்றைச் செலுத்தும், உங்கள் தொண்டைக்கு எவ்வளவு என்பது உங்கள் பரிசோதனைதான் சொல்லும். ஆக்சிஜன் சிலிண்டர் சிபாப்புக்கு மாற்று ஆகாது, அடைபட்ட குழாயை அது திறப்பதில்லை, சிலருக்கு அடைப்பை நீளவும் வைக்கும். வாயில் டேப் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது, மூச்சு அடைபடும் நோய் உள்ளவர் அதைத் தொடவே வேண்டாம்.

மூக்கடைப்பு இருந்தால் இந்த வாரங்களிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். காற்று போகப்போவது அந்த வழியாகத்தான். கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம், ஒவ்வாமை இருந்தால் மருத்துவர் ஸ்ப்ரே தருவார். கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை மட்டும் நாட்கணக்கில் போடாதீர்கள், நிறுத்தியவுடன் முன்னைவிட மோசமாக அடைக்கும். எடை குறைப்பதும் நிச்சயம் உதவும், ஆனால் அது மூன்று வாரத்தில் முடியும் வேலை இல்லை. ஒல்லியானவர்களுக்கும் தாடை அமைப்பால் இந்த நோய் வருகிறது. உடம்பைக் காட்டி யாரையும் குற்றவாளியாக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாஸ்க் பழகுவது. கருவி தாமதமானாலும் மாஸ்க்கை முன்கூட்டியே தர முடியுமா என்று கேளுங்கள், பல நேரங்களில் முடியும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் சிட்னியில் ஐந்து நோயாளிகளுக்கு முதன்முதலாக இந்தச் சிகிச்சையைக் கொடுத்த செய்தியை வெளியிட்டார். அதுவரை நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழி. தொடக்க கால நோயாளிகள் மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசையால் மூக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். இப்போது மெத்தென்ற சிலிக்கோன் வந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒன்றை மாட்டியதும் நெஞ்சு படபடப்பது இயல்பு. முதல் இரவே மாஸ்க், காற்று, சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் பலர் அரை மணியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், பிறகு அலமாரியிலிருந்து அது வெளியே வருவதே இல்லை. பகலில், விழித்திருக்கும்போது, குழாய் இணைக்காமல் மாஸ்க்கைக் கையால் மூக்கின் மேல் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். மறுநாள் பட்டையை மாட்டி, தொலைக்காட்சி பார்த்தபடி கால் மணி நேரம் இருங்கள். ஒன்று மட்டும் கவனம்: வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கை, கருவி இல்லாமல் போட்டுக்கொண்டு தூங்கிவிடக் கூடாது.

அந்தத் தம்பதியர் அப்படித்தான் செய்தார்கள். அவர் மாலைச் செய்தி முடியும்வரை மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார், அந்த அம்மா எதிரே உட்கார்ந்து நேரம் பார்ப்பார். எண்ணிக்கொண்டிருந்த நோட்டுப் புத்தகத்தில் இப்போது வேறு கணக்கு: காலை ரத்த அழுத்தம், இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தார், பகலில் எங்கே தூங்கி விழுந்தார். சிகிச்சைக்கு முந்தைய இந்தக் குறிப்புகள், பின்னால் கருவி பலனளிக்கிறதா என்று பார்க்க எனக்கு மிகவும் உதவின. எப்போது காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன். விழித்திருக்கும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பியும் தெளியாமல் குழம்பிப் பேசினால்.

கருவி பத்தொன்பதாம் நாள் வந்தது. முதல் இரவு நாலரை மணி நேரம் போட்டிருந்தார், அதன் பிறகு தூக்கத்திலேயே கழற்றியிருக்கிறார். முதல் இரவுக்கு அது நல்ல கணக்கு. மூன்றாம் நாள் அந்த அம்மா அழைத்தார். மூக்குத்தண்டில் சிவந்த தடம், கண்ணோரம் காற்று கசிகிறது, அதனால் பட்டையை இன்னும் இறுக்கிவிட்டோம் என்றார். தளர்த்துங்கள் என்றேன். அவரை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், கருவி ஓடட்டும், மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி மறுபடி உட்காரவிடுங்கள், பட்டைக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். போனைக் கீழே வைக்காமல் அப்படியே செய்து பார்த்தார். சற்று நேரம் காற்றின் சீறல் கேட்டது, பிறகு அடங்கியது.