ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்: விவரணப்படமா, ஆவணப்படமா?

டாக்குமெண்டரின்னாலே விவரணப்படம்னு எழுதுறது பழகிப்போச்சு. இப்ப "ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்"ங்குற அமெரிக்க டாக்குமெண்டரிக்கும் அதையே ஒட்டியிருக்காங்க. இதுக்கு மேல பொறுக்க முடியல.

டாக்குமெண்டரிங்குற சொல்லோட பிறப்பு சுருக்கமா: லத்தீன்ல டோகுமெண்டும், பாடம்னும் சான்றுன்னும் பொருள். இயக்குநர் ஃபிளஹர்ட்டியோட மோவானா படத்துக்கு 1926ல ஜான் க்ரியர்சன்ங்குறவர் எழுதுன விமர்சனத்துல இருந்து ஆங்கிலத்துல படங்களுக்கு இந்தச் சொல் பரவுச்சு. அதுக்கு ஈடா நம்மகிட்ட ஆவணம்ங்குற சொல் இருக்கு. அகநானூறு 77ல குடத்து ஓலையை எடுக்குறவங்க ஆவணமாக்கள், சுந்தரரை அடிமைன்னு காட்ட சிவன் நீட்டுன ஓலையும் ஆவணம்தான்.

விவரணம்னா விளக்கம். அந்தக் காலத்துல மெயின் படத்துக்கு முன்னாடி இந்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் போடுவாங்களே, அணைக்கட்டைக் காட்டிக்கிட்டு ஒரு கனத்த குரல் விடாம பேசும், அதை விவரணப்படம்னா ஒத்துக்கலாம். ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்ல அந்தக் குரலே கிடையாதே! 1986 மே 31, அமெரிக்காவுல மேரிலாந்து, லாண்டோவர் கேப்பிடல் சென்டர்ல ஜூடாஸ் பிரீஸ்ட்ங்குற ஹெவி மெட்டல் இசைக்குழுவோட கச்சேரி, படத்தை எடுத்த ஜான் ஹெய்னும் ஜெஃப் க்ரூலிக்கும் ஒரு வீடியோ கேமராவும் மைக்குமா வெளிய கார் நிறுத்துற இடத்துல சுத்துறாங்க, சட்டை போடாத பசங்க பீரும் கையுமா கத்துறாங்க, வரிக்குதிரை கோடு போட்ட டிரஸ்ல ஒருத்தன் மைக்குல பங்க் இசையைத் திட்டித் தீர்க்குறான். இவங்க யாரு, ஏன் இப்படின்னு ஒருத்தரும் விளக்கல, அதுதான் படத்தோட பலமே. விவரணம்னு பேர் வச்சா படத்துல இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.

17 நிமிஷம்தானேன்னு குறும்படம்னு போடுறவங்களும் இருக்காங்க, நீளம் வேற வகை வேறங்க! மொழிபெயர்க்குறவங்க அகராதியைத் திறக்குறதுக்கு முன்னாடி படத்தை ஒருதடவை பாக்கணும், இவ்வளவு சின்னப் படத்தைக்கூடப் பாக்காம எழுதுறதுதான் எனக்கு ஆத்திரம். டாக்குமெண்டரின்னே எழுதிட்டாக்கூடப் பரவால்ல, பொருளாவது கெடாது.

கேப்பிடல் சென்டரை 2002ல வெடி வச்சு இடிச்சுட்டாங்க. அந்த வாசல்ல கூடுன பசங்க என்ன உடுத்துனாங்க, எப்படிப் பேசுனாங்கன்னு கேட்டா சான்றா எடுத்து நீட்ட இந்த டேப் இருக்கு. கைக்குக் கை விஎச்எஸ் வீடியோ கேசட் காப்பியா போய்த்தான் பொழைச்சுது. ஆவணப்படம்னு தாராளமா எழுதலாம்.