நாட்டிய நாடகக் குழுவுக்கு மத்திய அரசு மானியம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பெரிய சபாக்களில் ஆடும் குழுக்களுக்கு இந்த மானியம் புதிதல்ல. விண்ணப்பம் நிரப்பித் தர அவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். மாவட்டங்களில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா நாட்டிய நாடகம் போடும் குழுக்கள்தான், ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாமல் காகிதத்தில் அடிபட்டுப் போகின்றன. இது அவர்களுக்காக.

மத்திய கலாச்சார அமைச்சகம் தரும் மானியம் இது. குரு சிஷ்ய பரம்பரைக்கான நிதியுதவி என்று பெயர். எல்லோரும் ரெபர்ட்டரி கிராண்ட் என்பார்கள். குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. நாடகக் குழு என்றால் அதிகபட்சம் 18 சீடர்கள். இசை, நடனம் என்றால் 10 பேர்தான்.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. நாட்டிய நாடகம் நடனமா, நாடகமா? நடனம் என்று போட்டுவிட்டால் மேடையில் 16 பேர் ஆடினாலும் 10 பேருக்கு மேல் கேட்க முடியாது. ஆசைப்பட்டு நாடகம் என்று போட்டு, இணைத்த அழைப்பிதழ் எல்லாம் ‘பரதநாட்டிய நிகழ்ச்சி’ என்றிருந்தால் அதுவும் நிற்காது. கையில் இருக்கும் ஆதாரத்தைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். 10 பேர் கேட்டால் 10 பேருக்கும் கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். புதிய குழுவுக்கு இரண்டு மூன்று பேரோடு நிறுத்திவிடுவதும் உண்டு.

அந்த ஆதாரம்தான் ஊர்க் குழுக்களுக்குப் பெரிய தலைவலி. திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஒலி ஒளி அமைப்பவர் பெயர் இருக்கும். நடுவில் ‘இரவு 10 மணிக்கு மாபெரும் நாட்டிய நாடகம்’ என்று ஒரு வரி. யார் ஆடினார்கள் என்பதே இராது. பத்து வருடம் ஆடிய குழு கடைசியில் ஒன்றும் ஆடாத குழுவாகிவிடும். இனிமேல் ஒப்புக்கொள்ளும்போதே, பதிவில் உள்ளபடி குழுவின் பெயரை நோட்டீஸில் போடச் சொல்லுங்கள். ஆடி முடித்த கையோடு தேதி, முத்திரையுடன் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் தர்மகர்த்தாவே மாறியிருப்பார்.

அப்புறம் பெயர். சங்கப் பதிவில் ‘ஸ்ரீ’ இருக்கும், பான் கார்டில் இருக்காது, வங்கிக் கணக்கில் ‘நாட்டியாலயா’ பாதியோடு வெட்டுப்பட்டிருக்கும். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் இணையதளத்தில் பதியும்போது இது வெடிக்கும். வங்கிக்குப் போனால் பதிவுச் சான்றைத் திருத்தி வா என்பார்கள். பதிவாளர் அலுவலகத்தில், பான் கார்டைத்தானே மாற்ற வேண்டும் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசப்போவதில்லை. பதிவுச் சான்றில் உள்ள பெயரே மூலம். மற்ற எல்லாவற்றையும் எழுத்து பிசகாமல் அதற்கு மாற்றுங்கள், விண்ணப்ப அறிவிப்பு வருமுன்பே. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் வருடாவருடம் பதிவாளரிடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டவர்களே அதிகம். விண்ணப்பத்தோடு கேட்கும் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும் கடைசி வாரத்தில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது.

பணம் வந்த பிறகு கெடுவதும் உண்டு. இந்தத் தொகை ஆட்களுக்கு. வேன் வாடகைக்கோ நகை செட்டுக்கோ அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் சீடர்கள் கணக்கில் விழுந்த பணத்தை ‘பொதுச் செலவுக்கு’ என்று தலைவர் திரும்ப வாங்கிக்கொண்டார். திருடவில்லை, அத்தனையும் மேடைக்கே போனது. அமைச்சகத்தின் சார்பில் நேரில் பார்க்க வந்தவரிடம் ஒரு பெண் வெள்ளந்தியாக உள்ளதைச் சொல்லிவிட்டாள். அத்தோடு சரி. ஒரே கலைஞரின் பெயர் இரண்டு குழுப் பட்டியலில் இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய மானியம் எதற்காவது, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் விட்டிருந்தால் புதியதை மறந்துவிடுங்கள். பணத்தை அவர்கள் தாமதமாக அனுப்பலாம். கணக்கை மட்டும் நீங்கள் நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். நியாயம் கேட்காதீர்கள், சான்றிதழைக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

உடை, ஒளி, புதிய தயாரிப்புக்கு இதே அமைச்சகத்தில் தனி மானியம் இருக்கிறது. சாதாரணமாக 5 லட்சம் வரை. ஆனால் முழுத் தொகையும் முன்னால் வராது. மீதி, கணக்குக் கொடுத்த பிறகுதான். அதை நம்பி வட்டிக்கு வாங்க வேண்டாம்.

‘டெல்லியில் ஆள் இருக்கு, 20 சதவீதம் கொடுங்க’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிராகரித்தால் போனில் கெஞ்சிப் பயனில்லை. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளை அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். காரணம் புரியவில்லையா, 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் விண்ணப்பத்தின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று, அந்த ஒரு கேள்வி மட்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.