ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் காதையும் கொஞ்சம் நினையுங்கள்

கோடை விடுமுறை முடியும் சமயம் என் காது-மூக்கு-தொண்டை கிளினிக்கில் ஒரு புகார் தவறாமல் வரும்: "தீம் பார்க் போய்ட்டு வந்ததுலேர்ந்து தலை சுத்துது டாக்டர்." அதற்குள் வயிற்றுக்கு ஏதாவது மாத்திரை போட்டுப் பார்த்திருப்பார்கள்.

வாந்தி வயிற்றிலிருந்து வந்தாலும், குழப்பம் தொடங்குவது உள்காதில். அங்கிருக்கும் அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதையும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இன்னொரு பகுதி மேலும் கீழும் தூக்கிப் போடுவதையும் மூளைக்குச் சொல்கின்றன. கண் சொல்வது அதோடு ஒத்துப்போகாவிட்டால் குமட்டல்தான். கார் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் குமட்டாது, அடுத்த வளைவு அவருக்கு முன்பே தெரியும். அதனால் கண்ணை இறுக மூடாமல் தண்டவாளம் போகும் திசையைப் பாருங்கள். கழுத்தும் தானாகத் தயாராகிவிடும்.

இருக்கையும் முக்கியம். பயந்தவர்கள் கடைசிப் பெட்டிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அங்கேதான் ஆட்டம் அதிகம்! புளோரிடா டிஸ்னியின் பிக் தண்டர் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டரில், சிறுநீரகக் கல் வைத்த சிலிகான் சிறுநீரக மாதிரியோடு அமெரிக்க ஆய்வாளர்கள் சவாரி செய்து பார்த்தார்கள். பின் இருக்கையில் சுமார் 64 விழுக்காடு கற்கள் நகர்ந்து வெளியேறின, முன் இருக்கையில் 17 மட்டுமே. 2018இல் இதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. கல்லுக்கு வைத்தியமாக இதை நான் எழுதித் தர மாட்டேன்! முதல்முறை ஏறுபவர்கள் நடுப்பெட்டியில் உட்காருங்கள்.

வண்டி கிளம்பும் முன்பே தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வையுங்கள். அபுதாபியின் ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டர் சுமார் 5 விநாடியில் மணிக்கு 240 கிலோமீட்டரை எட்டுகிறது. அந்த நேரத்தில் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் கழுத்து என்னாகும்? பள்ளத்தின் அடியில் உடல் கனக்கும்போது தொடையையும் வயிற்றையும் இறுக்குங்கள். கத்த வேண்டும் போலிருந்தால் கத்துங்கள், மூச்சை அடக்குவதைவிட அது மேல்.

வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பயண வாந்தி மாத்திரையை வரிசையில் நிற்கும்போது விழுங்கிப் பயனில்லை, அதையும் சுமார் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், எனவே வீட்டுக்கு வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்துத் தேய்மானம், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் காதிலோ வேறெங்கோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கீழேயே நின்று பையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இறங்கியபின் சிறிது நேரம் தள்ளாடுவது சகஜம். படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றினால் அந்தச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம், தலையைச் சில நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவோம். கடும் தலைவலி, கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் என்றால் சில நாள் கழித்து வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிவதும் தலைக்குள் ரத்தம் கசிவதும் அரிது, ஆனால் நடந்திருக்கின்றன. ரோலர் கோஸ்டரில் ஏறியதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.